கெர்மோர்ப் பட்டம் தூங்கிய கதை

கடல் இப்போது நிற்கும் இடத்துக்கு ஒரு கல் தூரம் தள்ளி நின்ற காலத்தில், பிரான்சுக்கு மேற்கே மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் பிரெட்டனி நாட்டில், ஒரு டியூக் இருந்தார். டியூக் என்றால் பயந்துவிட வேண்டாம், அந்த நாட்டுக்கு அவர்தான் ராஜா. கிரீடம் மட்டும் ராஜாவுடையதைவிடக் கொஞ்சம் சின்னது, கோபம் அதே அளவு.

ஒருநாள் அவர் கெர்மோர் என்ற ஊரின் கழிமுகத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்திருந்த நேரம், மணல்மேலேயே போய்விடலாம் என்று குதிரையை விட்டார். பாதி வழியில் கடல் ஏறி வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கடல் போகும்போதும் சொல்லிக்கொள்ளாது, வரும்போதும் சொல்லிக்கொள்ளாது. கரையில் கடற்பாசி அரிந்துகொண்டிருந்த ரிவால் என்பவன் தட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு ஓடினான். டியூக்கைத் தூக்கிப் படகில் போட்டான், குதிரையை நீந்தவைத்துக் கூட்டி வந்தான். தொப்பி ஒன்றுதான் கடலோடு போயிற்று.

கரையேறிய டியூக், அந்த இடத்திலேயே ரிவாலுக்குக் கெர்மோர்ப் பிரபு என்று பட்டம் கட்டினார். கடலோரத்து மேய்ச்சல் நிலமும் கல்வீடும் பட்டத்தோடு வந்தன. கூடவே மூன்று மரியாதைகள். இடுப்பில் வாள். மாதா கோயிலில் முன்வரிசைப் பெஞ்சு. வீட்டு வாசலில் ஆயிரம் புறா அடையும் ஒரு கல்கோபுரம். அந்த நாட்டில் பிரபுக்கள் மட்டுமே புறா வளர்க்கலாம். பிரபு வீட்டுப் புறா யார் வயலில் இறங்கி விதையைத் தின்றாலும் ஒரு கல்கூட எறியக் கூடாது. புறாவுக்கும் அது தெரியும், நிதானமாகத்தான் தின்னும்.

மரியாதை மூன்று, கட்டளை ஒன்று. பிரபு எதையும் விற்கக் கூடாது. சண்டை போடலாம், வேட்டையாடலாம், நாள் முழுக்கச் சும்மா இருக்கலாம். ஒரு முட்டையை விற்றால்கூடப் பட்டம் செத்துப்போகும். செத்த பட்டத்தின் நிலமும் வீடும் அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

ஆனால் பிரெட்டனிக்காரர்கள் விவரமான ஆட்கள், இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கஷ்டப்பட்ட பிரபு ஒருவர் தலைநகரத்து நீதிமண்டபத்துக்குப் போய், பத்துப் பேர் கேட்க, "நான் வியாபாரம் செய்யப் போகிறேன்" என்று சொல்லி வாளைக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் பட்டம் சாகாது, தூங்கும். மூன்று மரியாதைகளும் கூடவே தூங்கும். வியாபாரத்தை விட்டதும் போய் வாளை வாங்கிக்கொண்டால் பட்டம் எழுந்துவிடும். வாளை இடுப்பில் கட்டிக்கொண்டே ஒளித்து விற்றவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

கெர்மோர்ப் பட்டத்தை முதலில் வைத்திருந்த ரிவால், வாளின்மேல் பைத்தியமாக இருந்தான். வாளைக் கட்டிக்கொண்டே பாசி அரிவதை வேடிக்கை பார்க்கப் போவான், அது பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும், ஊர் கூடி இழுத்துவிடும். இரண்டாவதாக வைத்திருந்த மகன் பூடோக், பெஞ்சின்மேல் பைத்தியமாக இருந்தான். பூசை முடிந்து பாதிரியாரே வீட்டுக்குப் போன பிறகும் முன்வரிசையைவிட்டு எழ மாட்டான். மூன்றாவதாக வைத்திருந்த பேரன் தங்கீ, புறாமேல் பைத்தியமாக இருந்தான். ஆயிரம் புறாவுக்கும் பெயர் வைத்து, எந்தப் பெயர் எதற்கு என்று தெரியாமல் ஆயுள் முழுக்கக் குழம்பினான். மூன்று பேரும் நல்லவர்கள்தான். மூன்று பேரும் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடவில்லை.

தங்கீ கண்ணை மூடியபோது கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. தொழுவத்தில் மூன்று பசுக்கள் நின்றன. மகள் அசெனோருக்கு இருபது வயது. பட்டம், வாள், பெஞ்சு, புறா எல்லாம் அவளுக்கு வந்தன, அடுப்பில் வைக்கத்தான் ஒன்றும் வரவில்லை.

அசெனோர் ஒரு வாரம் புறாவைச் சமைத்துத் தின்றாள். அடுத்த வாரமும் தின்றாள். மூன்றாவது வாரம் தட்டில் இருந்த புறாவைப் பார்த்து, "போதும்டா சாமி" என்று எழுந்துவிட்டாள்.

அவளுடைய மூன்று பசுக்களும் கடற்காற்று பட்ட புல்லை மேய்கிறவை. அந்தப் பாலில் திரளும் வெண்ணெயில் ஒரு கை உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், வாசலில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் விற்க முடியாதே! அவள் அப்பாவின் வாளைத் தோளில் சாத்திக்கொண்டு மூன்று நாள் நடந்து நீதிமண்டபத்துக்குப் போனாள்.

அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் இருந்தார்.

"பட்டத்தைத் தூங்க வைக்கணும் ஐயா. வெண்ணெய் விக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"மாடு கறக்கிற வரைக்கும்."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே எழுதி உரக்கப் படித்தார். மண்டபத்தில் இருந்த பட்டுச் சட்டைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. அசெனோருக்குக் காது சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியாமல் வாளைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்தாள். அந்த மூன்று நாள் வழியும் அவளுக்கு ஏனோ பாட்டு வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புறாக்களைத் துரத்திவிட்டுக் கோபுரத்தின் பொந்துகளை அடைத்தாள். ஊர் விவசாயிகள் அன்று போட்ட ஆட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது! கறுப்புக் கோதுமை என்று அவர்கள் சொல்லும் தானியம் அந்த வருடம்தான் விதைத்தபடி முளைத்தது. கோயிலில் அசெனோர் பின்வரிசையில் மீன்காரப் பெண்களோடு நின்றாள். முன்வரிசையில் உட்கார்ந்து அவளுடைய அப்பா முப்பது வருடத்தில் தெரிந்துகொள்ளாத ஊர் விஷயமெல்லாம் அவளுக்கு மூன்றே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துபோயிற்று. மூன்று மாடு ஒன்பதாயிற்று, ஒன்பது இருபதாயிற்று. கூரை ஒழுகுவது நின்றது. கெர்மோர் வெண்ணெய் என்றால் டியூக்கின் சமையல்காரனே எழுந்து நிற்பான்.

இப்படி எட்டு வருடம் போயிற்று. யாராவது கேட்டால், "பட்டம் தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

நன்றாக இருக்கிற வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பங்காளி வராமல் இருப்பானா? வந்தான். அசெனோரின் சித்தப்பா மகன் கூர்மெலோன். மூன்று ஊர் தள்ளி இருக்கிறவன். அவனுக்கென்று ஒரு சின்னப் பட்டமும் ஒரு வாளும் உண்டு. தொப்பியில் இறகு, காலில் வெள்ளிக் கொக்கி, கோடையிலும் கழற்றாத கையுறை. அவன் டியூக்குக்கு விண்ணப்பம் எழுதினான்: 'ஏழு வருடத்துக்குமேல் எழாத பட்டம் தூங்குகிறது என்றா அர்த்தம்? அது செத்துப்போயிற்று. கெர்மோர் எனக்கு வர வேண்டும். வந்ததும் புறாக்கோபுரத்தைத் திறந்து வைப்பேன்.'

ஊர் நடுங்கியது. அசெனோருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம் போனால் மேய்ச்சல் நிலம் போகும், வீடு போகும், இருபது மாடும் நடுத்தெருவில் நிற்கும். பட்டம் போவதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. தான் கட்டி எழுப்பியதெல்லாம் போவதுதான் வலித்தது.

இந்தக் கதை நடக்கும்போது டியூக்காக இருந்தவர், தொப்பியைக் கடலில் விட்டவரின் கொள்ளுப்பேரன். ஆப்பிள் மதுவும் நீண்ட வழக்கும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "கெர்மோர் மாதா திருவிழாவுக்கு நானே வருகிறேன், இரண்டு பேரில் யார் பிரபு என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று செய்தி அனுப்பினார்.

திருவிழா அன்று காலை, பூசை முடிந்து சந்தை களைகட்டியிருந்தது. வெங்காயம், மண்பானை, குதிரை, கயிறு, கறுப்புக் கோதுமை ஆப்பம் என்று எல்லாம் வந்திருந்தன. ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டு டியூக் உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்றது. அசெனோர் கஞ்சி போட்ட வெள்ளைத் தலைத்துணியோடு வந்து நின்றாள். கூர்மெலோன் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினான். இறங்கியவன் நேராக டியூக்கை வணங்கப் போகவில்லை. வழியில் கட்டியிருந்த டியூக்கின் குதிரையைப் பார்த்தான், குளம்பைப் பார்த்தான், அதன் முழங்காலை ஒரு தடவு தடவினான், பிறகுதான் வணங்கப் போனான். இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அசெனோர் கவனித்தாள்.

"மூன்று கேள்வி கேட்பேன்" என்றார் டியூக். "முதல் கேள்வி. இந்தப் பட்டம் எப்படி வந்தது?"

கூர்மெலோன் சொன்னான் பாருங்கள்! புயல் வந்தது, இடி வந்தது, நடுவில் ஒரு திமிங்கலமும் வந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அசெனோர், "எங்க கொள்ளுத்தாத்தா படகுல போய்த் தூக்கிட்டு வந்தார் ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

"இரண்டாவது. பிரபு எப்படி வணங்குவார்?"

கூர்மெலோனின் இறகு தரையைப் பெருக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. அசெனோர் குனிந்தாள், தலைத்துணி கழன்று விழுந்தது.

"மூன்றாவது. பிரபு என்பவர் யார்?"

"எதையும் விற்காதவர்" என்றான் கூர்மெலோன் பளிச்சென்று.

அசெனோர் யோசித்தாள். "எனக்குத் தெரியலை ஐயா" என்றாள்.

கூட்டத்தில் யாரோ 'அய்யோ' என்றார்கள். டியூக் தாடியைத் தடவினார். "சரி. இந்தக் கோப்பையைக் குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்கிறேன்" என்றார். எந்தப் பக்கம் சொல்லப் போகிறார் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கோப்பையோ சின்னது.

எட்டு வருடம் சந்தையில் நின்றவள் அசெனோர். குதிரையின் முகத்தைப் பார்க்கும் முன்பே குளம்பைப் பார்க்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். கோடையில் கையுறை எதை மறைக்கும் என்றும் தெரியும். ஆனால் தெரிந்தால் போதுமா? இவன் ஒளித்துக் குதிரை வியாபாரம் செய்கிறான் என்று அவள் சொன்னால், இல்லை என்று அவன் சொல்வான். சாட்சிக்கு எங்கே போவாள்?

அவள் மெல்ல நடந்து வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, தீர்ப்பு எப்படியும் உங்களுக்குத்தான். எனக்கு வீடு வாசல் இருக்காது, ஊர் ஊரா நடக்கணும். இந்தக் குதிரையை எனக்குக் குடுத்துட்டுப் போறீங்களா? மூணு தாழி வெண்ணெய் தர்றேன்."

"பைத்தியமா தங்கச்சி? போ அந்தப் பக்கம்" என்றான் அவன்.

அவள் போகவில்லை. குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். "அதுவும் சரிதான். கிழட்டுக் குதிரைக்கு மூணு தாழி அதிகம்தான்."

"கிழடா?" கூர்மெலோனின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது. "ஆறு வயசுதான் ஆகுது! பல்லைச் சரியாப் பாரு. ஒரு சுழி தப்பு சொல்லு பார்ப்போம்!"

"பின்னங்கால் கொஞ்சம் இழுக்குதே."

"எந்தக் கால்? இந்தக் காலா? இது மூணு ஊர் ஒரே மூச்சுல ஓடும். மூணு தாழியாம்! எட்டுத் தாழிக்கு ஒரு சொட்டு குறைஞ்சாலும் பேசாதே."

"எட்டா! வெண்ணெய்ன்னா மரத்துல காய்க்குதா அண்ணா? நாலு."

"ஏழு. சேணமும் சேர்த்து."

"சேணம் நைஞ்சு கிடக்கு. நாலரை."

சுற்றி நின்ற கூட்டம் இரண்டடி முன்னால் வந்தது. டியூக் பக்கம் யாருமே பார்க்கவில்லை. கூர்மெலோன் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, வெள்ளிக் கொக்கி சேற்றில் மிதிபட்டதைக்கூட அவன் பார்க்கவில்லை. அவன் போவதுபோல் பாசாங்கு செய்தான். அவளும் போவதுபோல் பாசாங்கு செய்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஆறு."

"அஞ்சு. இதான் என் கடைசிப் பேச்சு" என்று அசெனோர் உள்ளங்கையை நீட்டினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள் இல்லையா? பிரெட்டனியில் அப்படியில்லை. வெட்டவெளியில் உள்ளங்கையோடு உள்ளங்கையை மூன்று முறை அடிக்க வேண்டும். ஒன்று அடித்தால் பேச்சு, இரண்டு அடித்தால் யோசனை, மூன்று அடித்தால் முடிந்தது, டியூக்கே வந்தாலும் மாற்ற முடியாது. கையுறையோடு அடித்தால் செல்லாது.

கூர்மெலோன் பல்லால் கடித்துக் கையுறையை இழுத்து எறிந்தான். கடிவாளம் அறுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை ஓங்கினான். பட். பட். பட்.

"அஞ்சு தாழி! முடிஞ்சுது!" என்று கத்தினான்.

அப்புறம்தான் அவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது.

தூரத்து ஊரிலிருந்து வந்திருந்த குதிரைத் தரகன் ஒருவன், "அட, இது நம்ம மலைச்சந்தைக் கறுப்புத் தொப்பிக்காரர் கை இல்லையா! போன வருஷம் என்கிட்ட இதே அடி அடிச்சாரே!" என்று கூவினான். டியூக்குக்கு ஆப்பிள் மது மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி முடிக்கும் வரைக்கும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

"கூர்மெலோன், இடுப்பில் என்ன?" என்று கேட்டார் டியூக்.

"வாள், ஐயா."

"இப்போது என்ன செய்தாய்?"

"குதிரை வித்தேன், ஐயா."

"எத்தனை வருஷமாக?"

"பன்னிரண்டு வருஷமா, ஐயா. வேற பேர் சொல்லி வித்தேன்" என்றான்.

"அப்படியானால் உன் பட்டம்தான் செத்தது. கெர்மோர்ப் பட்டம் அசெனோருடையது. தூங்குகிற பட்டத்தை நடுவில் எழுப்ப எனக்கும் உரிமையில்லை, உனக்கும் உரிமையில்லை." டியூக் எழுந்தார். "சட்டப்படி உன் வாளை உடைக்க வேண்டும்."

வாளை உடைப்பது என்றால் பரம்பரைக்கே பெயர் போவது. கூர்மெலோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அசெனோர் ஜெயித்துவிட்டாள். வீடு நின்றது, நிலம் நின்றது, இருபது மாடும் நின்றன. அவள் துள்ளிக் குதித்திருக்கலாம். ஆனால் சற்று முன் அவன் முகத்தில் கண்ட வெளிச்சம் அவளை விடவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த மனுஷன் தன் சந்தோஷத்தைக் கறுப்புத் தொப்பிக்குள் ஒளித்துவைத்திருந்தானே என்று நினைத்தவள் டியூக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு வார்த்தை" என்றாள். "வித்தது தப்பில்லை, ஒளிச்சதுதானே தப்பு? இப்ப ஊரே பார்த்துடுச்சு. இனிமே ஒளிக்க என்ன இருக்கு? அண்ணன் அந்த வாளை இங்கேயே, இத்தனை பேர் முன்னாடி உங்க கையில குடுக்கட்டும். அவர் பட்டமும் சாகாம தூங்கட்டும்."

டியூக் தாடியைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் 'சரி சொல்லுங்கள்' என்பதுபோல் அவரையே பார்த்தது.

"அவன் வாயால் சொல்ல வேண்டும்" என்றார்.

கூர்மெலோன் எழுந்தான். வாளைக் கழற்றினான். முதல் தடவை வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. இரண்டாம் தடவை காற்று மட்டும் வந்தது. மூன்றாம் தடவை, "நான் குதிரை வியாபாரி. என் பேரு கூர்மெலோன்" என்று அவன் போட்ட சத்தத்தில் டியூக்கின் குதிரை மிரண்டு பின்வாங்கியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடித்த பேரம் அடித்ததுதானே? வெள்ளைக் குதிரை அசெனோரின் தொழுவத்துக்குப் போயிற்று. கூர்மெலோன் ஐந்து தாழி வெண்ணெயை ஒரு கைவண்டியில் ஏற்றி, மூன்று ஊர் தூரத்தையும் தானே தள்ளிக்கொண்டு போனான். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "ஏமாந்துட்டேன், ஆறு கேட்டிருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான்.

"உன் பட்டத்தை இன்று எழுப்பிவிடட்டுமா?" என்று டியூக் அசெனோரைக் கேட்டார்.

"இன்னிக்கு வேண்டாம் ஐயா. செவலைப் பசு கன்னு போடற நேரம்" என்று சொல்லிவிட்டு அவள் தொழுவத்துக்கு ஓடினாள்.

அவளுக்கு நரைத்த பிறகுதான் பட்டம் எழுந்தது. ஆனால் அதற்குள் கெர்மோரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பட்டத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் வாளைக் கொடுத்துப் பட்டத்தைத் தூங்க வைத்துவிட்டு, கையால் ஒரு தொழில் செய்ய வேண்டும். அப்படி ஒரு பிரபு கயிறு திரித்தார், ஒரு பிரபு ரொட்டி சுட்டார், ஒரு பிரபுவம்மா பானை வனைந்தார். புறாக்கோபுரத்தின் பொந்துகளைத் திறக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

கூர்மெலோன் என்னவானான் என்று கேட்கிறீர்களா? அடுத்த மலைச்சந்தையில் கையுறை இல்லாமல், கறுப்புத் தொப்பி இல்லாமல், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூவி நின்றான். அன்று அவனிடம் குதிரை வாங்க வந்தவர்களின் வரிசை சந்தையைத் தாண்டி, பாலத்தையும் தாண்டிப் போயிற்று.

செய்யும் தொழில் யாரையும் தாழ்த்துவதில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒளிப்பதுதான் தாழ்த்தும்.